தோட்ட டிஸ்பென்சரியை அரசு எடுக்கட்டும், ஆளணியிலிருந்து தொடங்கட்டும்

இலங்கை மலையகத்தில் தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை கேட்கும் பேச்சுகளில் சம்பளம், காணி, வீடு ஆகியவற்றுக்கு அடுத்ததாக வருவது, தோட்ட சுகாதாரத்தைத் தேசிய சுகாதார சேவையோடு இணைக்கும் பேச்சு. ஆளும் கட்சியும் சொல்லும், எதிர்க்கட்சியும் சொல்லும், தொழிற்சங்கங்கள் எல்லாமே சொல்லும். கம்பனிகளும் மறுப்பதில்லை, செலவு குறைந்தால் அவர்களுக்கு நல்லதுதானே. இப்படி எல்லாரும் தலையாட்டுகிற காரியம், 1990களில் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றதோடு ஆரம்பித்து இன்று வரை முடியாமல் கிடக்கிறது.

இணைக்கத்தான் வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வரி கட்டுகிற, வாக்குப் போடுகிற ஒரு மக்களின் ஆரம்ப சிகிச்சை ஒரு தேயிலைக் கம்பனியின் இலாப நட்டக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்க எந்த நியாயமும் கிடையாது. என் கவலை வேறு. விவாதம் முழுக்கக் கட்டடத்தைச் சுற்றியே நடக்கிறது: எந்த ஆஸ்பத்திரி, எத்தனை கட்டில், எந்த அமைச்சு, திறந்து வைப்பது யார். ராத்திரி பத்து மணிக்கு மேல்மலை லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, அந்த ஆள் எங்கே குடியிருப்பார் என்ற கேள்வி பத்திரத்தில் ஏறுவதில்லை.

இந்தக் கடமை முதலில் யார் தலையில் இருந்தது என்பதைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டங்களுக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதை விரிவாக்கி 1912இல் 9ஆம் இலக்கச் சட்டமும், கூடவே தொழிலாளர் நோய்கள் பற்றிய 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. ஆள் செத்தால் கொழுந்து பறிக்க ஆளில்லை என்ற கணக்கில் எழுதிய சட்டங்கள் அவை. அன்பினால் எழுதியவை அல்ல. ஆனாலும் அவற்றில் ஒரு தெளிவு இருந்தது. லயத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, நோயாளி யார் யார் என்று தெரிந்து வைத்திருப்பது, கடும் நோய் என்றால் மாவட்ட வைத்தியரை அழைப்பது, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் சாப்பாடும் இருப்பிடமும் கொடுத்து வேலைக்குக் கூப்பிடாமல் விடுவது, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கவனிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது: இவ்வளவும் தோட்டத்தை நடத்துகிற துரையின் கடமை என்று எழுதியிருந்தது. செய்தார்களா என்பது வேறு கதை. செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்பதாவது தெரிந்திருந்தது.

பிறகு நாடு இலவச சுகாதாரத்தைக் கட்டியெழுப்பியது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, எம்.ஓ.எச். எனப்படும் சுகாதார வைத்திய அதிகாரி, குடும்பநல உத்தியோகத்தர், பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்ற மூவரும் கிராமம் கிராமமாகப் பரவினார்கள். தோட்டத்தின் கேட்டு வரைக்கும் வந்து அந்த வலை நின்றுபோனது. 1948இல் குடியுரிமை போன மக்களுக்காக உள்ளே போகச் சொல்லி வற்புறுத்த யாரும் இருக்கவில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் டிஸ்பென்சரி தோட்டக் கணக்கிலேயே இருந்தது. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. காணி 2045 வரை குத்தகை. அரசு, கம்பனி, தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் சமூக நலன் வேலைகளை ஒருங்கிணைக்கத் தொடங்கியது. கடமை இப்படி மூன்று நான்கு இடங்களில் பங்கு போடப்பட்டது. தோட்ட நிர்வாகம் அரசைக் காட்டும், அரசு கம்பனியைக் காட்டும், கம்பனி நிதியத்தைக் காட்டும்.

2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17. தோட்டப் புறத்தில் 32 அளவில். பங்கு போட்ட கடமையின் பலனில் ஒரு பகுதி அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. மீதியைச் சம்பளமும் லயமும் தண்ணீரும் சொல்லும்.

இனி, ஒரு தோட்ட வைத்தியசாலையை எடுப்பது என்றால் காகிதத்தில் என்ன நடக்க வேண்டும் என்று பார்ப்போம். காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது. ஆகவே கட்டடமும் அதைச் சுற்றியுள்ள நிலமும் குத்தகையிலிருந்து விடுபட வேண்டும். நில அளவையாளர் வந்து துண்டு பிரித்து வரைபடம் போட வேண்டும், கம்பனியின் சம்மதம் வேண்டும், பெருந்தோட்ட அமைச்சு, காணிக்குப் பொறுப்பான அரச நிறுவனம், திறைசேரி என்று கோப்பு சுற்ற வேண்டும். சாதாரணமாகச் சிக்குவது தண்ணீரிலும் பாதையிலும்தான். கட்டடம் நிற்கும் அரை ஏக்கரை அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குத் தண்ணீர் வருகிற பீலி மேலே தேயிலை மலைக்குள் இருக்கும், அது கம்பனியின் நிலம். பாதையும் அப்படியே. வரைபடத்தில் பீலியும் குழாய்ப் பாதையும் பொது வழியும் குறிக்கப்படாவிட்டால், எடுத்த ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் விடுவதும் விடாததும் அடுத்து வருகிற துரையின் மனசைப் பொறுத்தது.

அளவை முடிந்த பிறகு வருவது ஆளணி. அரச சேவையில் ஒரு பதவி உருவாக வேண்டுமானால் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த பதவிக்கு வெற்றிடம் அறிவித்து, ஆளெடுத்து, பயிற்சி கொடுத்து, நியமனம் கொடுக்க வேண்டும். காணிக் கோப்பும் ஆளணிக் கோப்பும் சேர்ந்து நகர்ந்தால் நல்லது. பெரும்பாலும் காணிக் கோப்பு முன்னால் ஓடிவிடுகிறது, ஏனென்றால் அதன் முடிவில் விழா இருக்கிறது. கட்டடம் கைமாறியதும் தோட்ட நிர்வாகம் தன் ஆளை விலக்கிக்கொள்ளும், மருந்து வாங்குவதை நிறுத்தும். அரசின் ஆள் வர இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகும். அந்த இடைக்காலத்தில் புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவரும் பூட்டிய கதவும்தான் மிச்சம்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. எடுக்கப்படுகிற இடம் எந்த வகைக்குள் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரதேச வைத்தியசாலை என்றால் விடுதி இருக்கும், கட்டில் இருக்கும். கட்டில் எண்ணிக்கையைப் பொறுத்து ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். ஆரம்ப வைத்தியப் பராமரிப்புப் பிரிவு என்றால் வெளிநோயாளர் மட்டும். விடுதி கிடையாது, மாலையானால் கதவு சாத்தப்படும். ஐந்தாறு கட்டிலும் பக்கத்திலேயே குடியிருக்கிற தோட்ட வைத்திய உதவியாளருமாக இருந்த ஒரு சின்னத் தோட்ட ஆஸ்பத்திரியை இந்த இரண்டாம் வகைக்குள் போட்டால், பகலில் எம்.பி.பி.எஸ். டாக்டர் கிடைப்பார், ராத்திரி இருந்த ஆளும் போய்விடுவார். தொழிலாளியின் கணக்கில் இது ஏற்றமா இறக்கமா என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. பகல் முழுக்க மலையில் நிற்கிற ஆளுக்கு வைத்தியம் தேவைப்படுகிற நேரமே மாலை ஐந்துக்குப் பிறகுதான்.

தோட்டத்துக்கு அதிகம் தேவைப்படுவது டாக்டரை விடக் குடும்பநல உத்தியோகத்தர்தான் என்பது என் கணிப்பு. மலைநாட்டுப் பேச்சில் மிட்வைப் மிஸ். அவருடைய வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விவாதத்தில் அவர் பெயரே அடிபடுவதில்லை. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது வழக்கமான அளவுகோல். கர்ப்பத்தை எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், இரும்புச் சத்து மாத்திரையும் மாதத்துக்கு 750 கிராமில் இரண்டு பக்கெட் திரிபோஷா சத்துமாவும் கொடுக்க வேண்டும், பிள்ளை பிறந்து பத்து நாளைக்குள் இரண்டு தரம் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், பிள்ளையின் நிறையை மாதாமாதம் கோட்டில் குறிக்க வேண்டும். இதெல்லாம் அவருடைய பதிவேட்டில் உள்ள குடும்பங்களுக்கு நடக்கும். பதிவேடு கிராம உத்தியோகத்தர் பிரிவையும் வீட்டு இலக்கத்தையும் பார்த்து எழுதப்படுகிறது. தோட்டத்தில் வீட்டு இலக்கம் ஏது? பத்தாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா. ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம், கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்கு. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவுக்குள் இரண்டு மூன்று தோட்டங்களும் அவற்றின் எல்லா டிவிசன்களும் அடங்கியிருக்கும் இடங்கள் நுவரெலியா மாவட்டத்தில் உண்டு. அளவுகோல் 3,000 என்று இருக்க, கையில் அதைப் போல இரண்டு மடங்கு விழும். டிவிசனுக்கு டிவிசன் நடந்து ஏறினால் ஒரு நாளில் எத்தனை வீடு பார்க்க முடியும்? மழை நாளில் பத்து வீடு பார்த்தாலே பெரிய காரியம்.

மொழியும் சேர்ந்துகொள்ளும். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கிற பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் இரத்தப்போக்கு இருக்கிறதா, வீட்டில் அடி உதை உண்டா, அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட விருப்பமா என்று கேட்க வேண்டும். பக்கத்தில் மாமியாரை வைத்து மொழிபெயர்த்துக் கேட்கிற கேள்விகள் அல்ல இவை. தமிழ் மூலம் படித்த பிள்ளைகளை எடுத்து, 18 மாதப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பிறந்த பகுதிகளிலேயே போட்டால் இது தீரும். உயர்தரம் சித்தியடைந்து வேலை இல்லாமல் கொழும்புக் கடைகளுக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஒரு கட்டடம் கட்டுகிற காலத்துக்குள் ஒரு தொகுதி மிட்வைப்மாரை உருவாக்கி முடிக்கலாம்.

கிளினிக் நாள் எப்படி நடக்கிறது, எங்கே பிசகுகிறது என்று பார்த்தால் இரண்டு நிர்வாகங்களுக்கு நடுவில் விழுகிற ஓட்டை கண்ணுக்குத் தெரியும். எம்.ஓ.எச். பணிமனையிலிருந்து ஜீப் வரும், கிளினிக் பிள்ளை மடுவம் என்கிற காப்பகத்திலோ டிஸ்பென்சரியிலோ நடக்கும். காலையில் பணிமனையில் தடுப்பூசிப் பெட்டியைத் தயார் செய்வார்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பக்கெட்டை அப்படியே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெளியே வைத்து, மேலே வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்கும் வரை பொறுக்க வேண்டும். தாழ்நிலத்தில் இது சீக்கிரம் நடந்துவிடும். நுவரெலியாவின் ஜனவரிக் காலைக் குளிரில் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு வைத்தால், இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடுகிற ஐங்கூட்டு ஊசி மருந்து உறைந்து கெட்டுவிடும். உறைந்து உருகியது பார்வைக்குத் தெரியாது, போட்டாலும் பயன் இராது. வெயில் ஊரில் ஊசி மருந்துக்குச் சூடு எதிரி என்று சொல்லிக்கொடுப்பார்கள். இங்கே குளிரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் கொழுந்து கூடுதல், பெண்களைத் தூரத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். கிளினிக் திகதி சுகாதாரப் பணிமனைக்குத் தெரியும். காலையில் ஆட்களைக் கூட்டுகிற பெரட்டில் வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது. பதினைந்து பிள்ளை வர வேண்டிய இடத்தில் நான்கு வரும். ஒன்பதாம் மாதத்தில் போடுகிற எம்.எம்.ஆர். குப்பியைக் கரைத்துத் திறந்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது, மிச்சத்தைக் கொட்ட வேண்டும். இப்படி இரண்டு தரம் நடந்தால் தோட்டத்துக் கிளினிக்கை நிறுத்தி, டவுனுக்கு வரச் சொல்லிவிடுவார்கள். அப்போது பஸ் காசும் போய், ஒரு பேரும், அதாவது ஒரு நாள் சம்பளமும், போகும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது, பிறகு கூடியும் இருக்கிறது. சம்பளம் கூடக்கூட, கிளினிக்குக்காக இழக்கிற பேரின் விலையும் கூடுகிறது. கிளினிக் நாளில் கர்ப்பிணிக்கும் கைப்பிள்ளைத் தாய்க்கும் குறைந்தது அரைப்பேராவது செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் விழ வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ எழுதாமல், சுகாதாரத்தை மட்டும் அரசு எடுத்தால் இந்த ஓட்டை அடைபடாது.

செக்ரோலைப் பற்றிப் பேசும்போது துண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் கண்ணில் இது படுவதே இல்லை. தோட்ட டிஸ்பென்சரியில் மருந்தோடு சேர்த்துத் துண்டு கொடுப்பார்கள். இவர் நோயாளி, இன்று வேலைக்கு வர முடியாது என்பதற்கும் துண்டு. இவரை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வேண்டும் என்பதற்கும் துண்டு. பிரசவச் சகாயப் பணம் எடுக்கத் திகதி உறுதிப்படுத்துவதற்கும் துண்டு. தோட்ட வைத்திய உதவியாளர் தோட்டத்தின் ஊழியர் என்பதால் ஆபீஸ் அந்தத் துண்டை உடனே ஏற்றுக்கொள்ளும். இதில் அநியாயமும் நடந்திருக்கிறது: துரையின் சம்பளப் பட்டியலில் உள்ளவர் துரைக்குப் பிடிக்காத துண்டை எழுதத் தயங்குவார். அரசு எடுத்தால் அந்தத் தயக்கம் போய்விடும் என்பது பெரிய இலாபம். அதோடு துண்டின் செல்வாக்கும் போய்விடக் கூடாது. அரச டாக்டர் எழுதிய துண்டைத் தோட்ட ஆபீஸ் எத்தனை மணிக்குள் ஏற்க வேண்டும், லொறியோ வேனோ கொடுக்க மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்பது கைமாற்ற ஒப்பந்தத்தில் ஒரு வாசகமாக இருக்க வேண்டும்.

லொறி என்றதும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் இருக்கிறதே என்பார்கள். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் வந்த அந்தச் சேவை நல்ல சேவை. தமிழில் பேசினாலும் பதில் சொல்கிறார்கள். அது தார் ரோட்டு வரை வரும். ரோட்டிலிருந்து லயம் வரை மூன்று நான்கு கிலோமீட்டர் கல்லுப் பாதை, மழையில் வாய்க்காலாக மாறுகிற பாதை. முன்பு பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருடம் நுவரெலியாவும் அம்பகமுவவும் பிரிந்து அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் வந்தன. ஆகவே ஒவ்வொரு சபையும் தன் பாதை வேலையில் முதல் வரிசையை அம்புலன்ஸ் ஏற முடியாத லயங்களுக்குக் கொடுக்கலாம். இப்போது பல இடங்களில் ஆளைக் கம்பளிச் சாக்கில் கட்டி, முறை மாற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குகிறார்கள். டிக்கோயாவில் 2017 மே மாதம் திறந்த 150 கட்டில் வைத்தியசாலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் வாசலுக்கு முந்திய அந்த மூன்று கிலோமீட்டர்தான் சில உயிர்களைத் தீர்மானிக்கிறது.

தோட்ட வைத்திய உதவியாளர்களை என்ன செய்வது என்பதில்தான் சண்டை உறைக்கிறது. தகுதி பெற்ற டாக்டர்தான் மருந்து எழுத வேண்டும், தோட்டத்தான் என்பதற்காக இரண்டாந்தர வைத்தியம் கொடுக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். அந்த வாதத்தில் மரியாதை இருக்கிறது. இருபது வருடம் இந்த மக்களைப் பார்த்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வராத டாக்டருக்காகக் காத்திருக்கச் சொல்வது எப்படி நியாயம் என்பது மறுபக்கம். 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போன டாக்டர்களின் வெற்றிடம் முதலில் விழுவது தூரத்து ஆஸ்பத்திரிகளில்தான். இரண்டையும் கேட்டுவிட்டு நான் நிற்கிற இடம் இது: அவர்களுக்கு மருந்து எழுதும் எல்லையை வரையறுத்து, முதலுதவி, காயம் கட்டல், நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் மாதாந்த மருந்தைத் தொடர்ந்து கொடுப்பது, அனுப்பிவைப்பது என்ற வேலைகளோடு அரச சேவைக்குள் எடுக்க வேண்டும். ஓய்வு பெறும் வரை அந்தப் பதவி அவரோடு இருக்கட்டும், பிறகு வேறு பதவியாக மாறட்டும். மாதாந்த மருந்துக்கு டவுனுக்குப் போவதை நிறுத்திவிட்டு, பக்கவாதத்தில் விழுந்த பிறகு வருகிறவர்களை மலைநாட்டு வார்டுகளில் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

எந்த அமைச்சு எடுப்பது, மத்தியா மாகாணமா என்ற சண்டையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி சிறிய வைத்தியசாலைகளும் எம்.ஓ.எச். பணிமனைகளும் மாகாணத்துடையவை. டாக்டர் நியமனமும் பெருமளவு மருந்து கொள்வனவும் கொழும்பில். மாகாண சபைகளின் காலம் 2019க்குள் எல்லா இடத்திலும் முடிந்து, தேர்தல் இல்லாமல் ஆளுநர்களே நடத்துகிறார்கள். கேள்வி கேட்க மாகாண சபை உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத காலத்தில் மாகாணத்திடம் ஒரு புதிய பொறுப்பைக் கொடுத்தால் அதைத் தட்டிக்கேட்க ஆளிருக்காது. அதற்காக மத்திய அமைச்சு எடுத்தால், பக்கத்து எம்.ஓ.எச். ஒரு நிர்வாகம், தோட்ட ஆஸ்பத்திரி வேறு நிர்வாகம் என்று மறுபடியும் இரண்டாகும். மாகாணத்திடம்தான் இருக்க வேண்டும். ஆளணியும் பணமும் தனித் தலைப்பில், தோட்டப் பெயரோடு பாதீட்டில் தெரிய வேண்டும்.

அடுத்த முறை பிரதேச ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால், தலைவர்மார் தயவுசெய்து கட்டடப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடம் டிவிசன் வாரியாக ஓர் அட்டவணை கேட்க வேண்டும். இந்த டிவிசனுக்கு மிட்வைப் யார், அவர் பெயருக்கு எத்தனை குடும்பம் பதிவு, தமிழ் பேசுவாரா, கடைசியாகக் கிளினிக் நடந்த திகதி என்ன, தோட்டத்துக்குள் அவருக்குக் குவாட்டர்ஸ் உண்டா. குவாட்டர்ஸ் என்ற நிரலில் ஆம் என்று இருந்தால் அங்கே ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். கூரைத் தகரம் ஒழுகாமல், கக்கூசுக்குக் கதவும் உள்பூட்டும் இருந்து, குழாயில் தண்ணீர் வந்தால்தான் இருபத்தைந்து வயதுப் பெண்ணொருவர் அந்த மலையில் தனியாக ராத்திரி தங்குவார்.